நற்செய்தி நெறியின் அடிப்படைக் கொள்கைகளும் தமிழ்ச் சொல்லமைப்பும்

1. நுவல்பொருள்

கிறித்தவத் தமிழ் குறித்துத் தமிழறிஞரிடையே இருவகை நோக்கு நிலவுகின்றது. தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் முதலிய காப்பியங்களைப் போற்றுதல் ஒன்று. விவிலிய மொழிபெயர்ப்பின் உரைநடையைப் 'பாதிரித் தமிழ்' என்று ஒதுக்குதல் மற்றொன்று. இவ்வாறு ஒதுக்குவோர் காட்டும் குறைகளுள் தலையாயது செயப்பாட்டுவினைப் பெருக்கமாகும். 'இரட்சிக்கப்படுதல்', 'நீதிமானாக்கப்படுதல்', 'எண்ணப்படுதல்' என வரும் தொடர்கள் தமிழின் இயல்புக்கு ஒவ்வாதன என்பர். செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் உடன்படுகின்றார். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இத்தகைய எளிய வழி இருக்கவும், 'படு' என்னும் துணைவினையை அடுக்கியது ஏன் என்னும் வினா நியாயமானதே.

இவ்வினாவுக்கு மொழிபெயர்ப்பாளரின் தமிழறிவுக் குறைவு ஒன்றையே விடையாகக் கூறுதல் பொருந்தாது என்பது நம் கருத்து. நற்செய்தி நெறி எனப்படும் புராட்டஸ்டண்டுச் சமயப் பிரிவின் கொள்கைகள் யாவும், 'வீடுபேற்றில் வினைமுதல் யார்?' என்னும் ஒரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆதலின், அக்கொள்கைகள் தமிழிற் புகுந்தபோது பெயர்ச்சொல்லினும் மிகுதியாக வினைச்சொல்லையும் வேற்றுமையுருபையும் இடைச்சொல்லையும் பற்றியே நின்றன. இதனைக் கொங்குநாட்டுத் திருச்சபை வரலாற்றைப் பின்புலமாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சமயத்தின் கொள்கை மெய்யா பொய்யா என ஆராய்தல் இலக்கிய ஆய்வாளர் கடமையன்று. அக்கொள்கை தமிழில் எவ்வாறு சொல்லப்பட்டது என ஆராய்தலே நம் கடமை.

2. கொங்குநாட்டில் கிறித்தவம்

கொங்கு மண்டலத்திற்குக் கிறித்தவம் இருவேறு வழிகளில் வந்தது. இயேசு சபையைச் சார்ந்த இராபர்ட்டு தெ நொபிலி 1623-இல் மதுரையினின்றும் வடக்கு நோக்கிப் பயணம் செய்து சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களுக்கு வந்தார். 'ஞானோபதேசம்' முதலிய அவர்தம் நூல்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சொல்வழக்கிற்கு அடிகோலின. பின்னர் 1850-இல் கோயம்புத்தூர், பாரிசு வேதபோதக சபையாரின் பொறுப்பில் தனி மறைவட்டமாயிற்று.

மற்றொரு வழி இலண்டன் மிஷனரி சங்கத்தின் வழி. 1795-இல் இங்கிலாந்தில் எழுந்த இச்சங்கம், எந்தவொரு தனித் திருச்சபை ஆட்சிமுறையையும் பரப்பாது நற்செய்தியை மட்டுமே அறிவிப்பது எனத் தன் அடிப்படை நெறியை 1796-இல் வகுத்துக்கொண்டது. 1827-இல் ஹென்றி கிரிஸ்ப் சேலத்திலும், 1830-இல் டபிள்யூ. பி. ஆடிஸ் கோயம்புத்தூரிலும் இச்சங்கத்தின் பணியைத் தொடங்கினர். இச்சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. 1950-இல் கோயம்புத்தூர் தனிப் பேராயமாயிற்று. அதன் பேராயராக 1959 வரை பணியாற்றியவர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975). கிறித்தவத்தைப் பத்தி நெறியாக விளக்க முயன்ற அறிஞருள் இவர் முதன்மையானவர். நம் ஆராய்ச்சியின் இறுதிப்பகுதி இவரைப் பற்றியதாகும்.

3. கொள்கை நான்கு

நற்செய்தி நெறி என்பது தனியொரு திருச்சபையின் பெயரன்று. பல திருச்சபைகளூடும் பரவிய ஓர் இயக்கத்தின் பெயர். பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் வேரூன்றிப் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தழைத்தது. வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-இல் இதன் இயல்புகளை நான்காக வகுத்தார். மறைநூலையே முடிந்த பிரமாணமாகக் கொள்ளுதல், சிலுவைப்பலியை நடுவாகக் கொள்ளுதல், ஒவ்வொருவரும் மனந்திரும்பிப் புதுப்பிறப்பு எய்தவேண்டும் என்றல், அந்நற்செய்தியைச் செயலிற் காட்டிப் பரப்புதல் என்பன அவை. இந்நான்கிற்கும் அடியில் நிற்பது, மனிதன் தன் செயலால் அன்றி இறைவனது கிருபையால், விசுவாசத்தின் வழியே மீட்கப்படுகின்றான் என்னும் கோட்பாடு.

'சுவிசேஷம்' என்னும் சொல்லே இக்கோட்பாட்டைக் குறிப்பாற் காட்டுகின்றது. 'என்ன விசேஷம்?' என்று வினவும் நம் உலகவழக்கில் விசேஷம் என்பது செய்தி. 'சு' என்னும் முன்னொட்டு நன்மைப் பொருளது. எனவே சுவிசேஷம் அறவுரையன்று, செய்தி. அறவுரை 'இதனைச் செய்க' என ஏவும். செய்தியோ 'இது செய்யப்பட்டது' என அறிவிக்கும். நற்செய்தி நெறியார் இவ்வேறுபாட்டைப் பெரிதும் வற்புறுத்துவர்.

மறைநூலின் பெயரும் நோக்கத்தக்கது. 'வேதாகமம்' என்பது வேதம், ஆகமம் என்னும் இரண்டன் தொகை. வேதம் பொது, ஆகமம் சிறப்பு எனச் சைவர் பகுத்தனர். இரண்டையும் ஒருங்கே தன் பெயரிற் கொண்டது கிறித்தவ மறைநூல். ஆயினும் ஒரு முரண் உண்டு. வேதம் நம் மரபில் 'எழுதாக்கிளவி'. 'மறை' என்னும் சொல்லும் மறைந்திருத்தலைச் சுட்டும். நற்செய்தி நெறியாரின் வேதமோ எழுதப்பட்டது, அச்சிடப்பட்டது, எவரும் தாமே படித்தற்குரியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எட்டே ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டினை அச்சேற்றத் தொடங்கினார் எனின், அதற்குக் காரணம் இக்கொள்கையே.

4. பாவமும் வினையும்

மீட்பு என்றால் எதிலிருந்து மீட்பு என்னும் வினா எழும். அதற்கு விடையாக வரும் சொல் 'பாவம்'. அறமும் பாவமும் தமிழர்க்குப் புதியன அல்ல. ஆயினும் வினைக்கோட்பாட்டில் தீவினை என்பது செய்தவனைச் சென்று பற்றும் பயன். நற்செய்தி நெறியில் பாவம் என்பது முதற்கண் ஓர் உறவின் முறிவு. அஃது இறைவன் என்னும் ஆளுக்கு எதிராக நிகழ்வது. வினை நுகர்ந்தால் தீரும். முறிந்த உறவோ நுகர்ச்சியால் தீராது, மன்னிப்பினாலேயே தீரும்.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தத்தின் ஆணவமலம் ஒப்புநோக்கற்குரியது. செம்பிற் களிம்பு போல உயிரோடு உடனாய் நிற்பது ஆணவம். கிறித்தவர் கூறும் சென்மபாவமும் மனிதனோடு பிறப்பிலேயே ஒட்டியது. தனித்தனிச் செயல்களுக்கு முற்பட்டது. ஒற்றுமை இம்மட்டே. ஆணவம் அநாதி; சென்மபாவத்திற்கோ ஆதாமின் வீழ்ச்சி என்னும் தொடக்கம் உண்டு. தொடக்கம் உடையதாதலின் அது படைத்தவன் படைப்பின் இயல்பன்று, பிற்பட வந்த கேடு என்பது அவர்கள் கருத்து.

5. ஆக்கமும் எண்ணமும்

நற்செய்தி நெறியின் உயிர்நிலை 'நீதிமானாக்கப்படுதல்' என்னும் தொடரில் உள்ளது. இத்தொடருக்கு மூலமான கிரேக்க வினை, 'நீதிமான் எனத் தீர்ப்பளித்தல்' என்னும் வழக்காடுமன்றப் பொருளது என்பர் புராட்டஸ்டண்டார். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்போ 'நீதி உடையவனாகச் செய்தல்' என்னும் அமைப்புடையது. ஒரு வினைச்சொல்லின் இவ்விரு பொருளே மேனாட்டுத் திருச்சபையைப் பிளந்த கருத்து வேறுபாட்டின் நடுவில் நின்றது. 1547-இல் திரெந்து பொதுச்சங்கம், மனிதன் வெறுமனே நீதிமானாகக் கருதப்படுவதில்லை, உள்ளத்திலும் புதுப்பிக்கப்படுகின்றான் என வரையறுத்தது. இவ்வழக்கில் ஓர் அடிப்படை உடன்பாடு, 1999-இல் கத்தோலிக்கரும் லுத்தரன் உலக மன்றத்தாரும் ஆகுஸ்பர்க்கு நகரிற் கையெழுத்திட்ட கூட்டறிக்கையாலேயே எட்டப்பட்டது.

தமிழ் 'ஆக்கு' எவ்விடத்தில் நிற்கின்றது? மேலோட்டமாக நோக்குவார்க்கு அஃது இலத்தீன் பக்கம் சாய்ந்ததாகவே தோன்றும். ஆயினும் தமிழில் ஆக்குதல் இருவகைப்படும். 'வெண்மையாக்கினான்', 'கூர்மையாக்கினான்' எனப் பண்புப்பெயரோடு வருமிடத்து அது பொருளின் தன்மையை மாற்றும். 'அரசனாக்கினர்', 'அமைச்சனாக்கினான்' என உயர்திணைப் பெயரோடு வருமிடத்து நிலையை மாற்றும். முடிசூட்டிய அளவில் ஒருவன் அரசனாகின்றான். ஆளும் ஆற்றல் பின்னரே அவனிடம் வளர்தல் வேண்டும். 'நீதிமான்' உயர்திணைப் பெயர். எனவே நீதிமானாக்குதல் என்பது நிலைமாற்றத்தைக் குறிக்கும் வகையில் அடங்கும். இதனோடு 'பரிசுத்தமாக்கப்படுதல்' என்பதை ஒப்பிடுக. 'பரிசுத்தம்' பண்புப்பெயர், ஆதலின் ஆண்டு 'ஆக்கு' தன்மை மாற்றத்தையே குறிக்கும். முன்னது ஒருமுறை நிகழும் தீர்ப்பு, பின்னது வாழ்நாள் முழுதும் நிகழும் வளர்ச்சி என்பது நற்செய்தி நெறியாரின் பகுப்பு. ஒரே துணைவினையைக் கொண்டு, அதனோடு சேரும் பெயரின் வகையால் இவ்விரண்டனையும் வேறுபடுத்த இயன்றது தமிழின் வளத்தைக் காட்டுகின்றது.

இனி, 'எண்ணப்படுதல்'. பவுல் உரோமையர்க்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், கணக்கில் வரவு வைத்தலைக் குறிக்கும் கிரேக்க வினையொன்று பதினொரு முறை வருகின்றது. நினைத்தலையும் கணக்கிடுதலையும் ஒருங்கே குறிப்பது அச்சொல். தமிழில் 'எண்ணுதல்' இவ்விரு பொருளையும் அவ்வாறே உடையது. ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது எனும்போது, இறைவன் அவ்வாறு கருதினான் என்பதும், அவ்வாறே கணக்கில் வைத்தான் என்பதும் ஒரு சொல்லில் அடங்கின. 'ஆக்கு' என்னும் சொல்லில் எஞ்சிய ஐயத்தை 'எண்ணு' என்னும் சொல் நீக்குகின்றது. 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து நிற்றல் காண்க.

6. கருத்தாவும் கருவியும்

மூன்றாம் வேற்றுமை கருத்தாப் பொருளிலும் கருவிப் பொருளிலும் வரும். 'தச்சனால் கட்டப்பட்டது' என்புழிக் கருத்தா. 'வாளால் வெட்டினான்' என்புழிக் கருவி. 'கொண்டு' என்னும் சொல்லுருபோ கருவிப் பொருளில் மட்டுமே வரும். 'வாள்கொண்டு வெட்டினான்' என்பது அமையும், 'தச்சனைக்கொண்டு கட்டினான்' எனின் கட்டுவித்தவன் வேறொருவன் என்பது பெறப்படும்.

எபேசியர்க்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மீட்பைப் பற்றிக் கூறுமிடத்துக் 'கிருபை' என்னும் பெயர் 'ஆல்' உருபையும், 'விசுவாசம்' என்னும் பெயர் 'கொண்டு' என்னும் சொல்லுருபையும் ஏற்று நிற்றலை ஐக்கிய மொழிபெயர்ப்பிற் காண்கின்றோம். இவ்வேறுபாடு தற்செயலானதன்று, மூலத்திலும் இவ்விரு பெயர்கள் வேறுவேறு அமைப்பிலேயே வருகின்றன. கிருபை மீட்பின் காரணம். விசுவாசம் அதனைப் பெற்றுக்கொள்ளும் கருவி. விசுவாசமும் மனிதனின் ஒரு நற்செயல், அதற்குக் கூலியாக வீடு தரப்படுகின்றது என்று கொள்ளின், செயலால் மீட்பு என்னும் பழைய நிலைக்கே திரும்பியதாகும். இரவலன் நீட்டிய கை ஈகைக்குக் காரணமன்று. ஈவோன் உள்ளமே காரணம். கை, பெறும் கருவி மட்டுமே.

'விசுவாசம்' என்னும் சொல்லே ஓர் இடர்ப்பாட்டையும் விளைத்தது. நாட்டுவழக்கில் விசுவாசம் என்பது பணியாள் தலைவனிடம் காட்டும் நன்றியுணர்வு; நாயின் குணமாகவும் அதனைச் சொல்வர். அப்பொருளிற் கொள்ளின் விசுவாசம் மனிதனின் பண்பாகி, அவனது தகுதியாகிவிடும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'நம்பிக்கை' என்னும் சொல்லை ஆள்கின்றது. தொல்காப்பியர் உரியியலில் 'நம்பு' என்பதற்கு நசை எனப் பொருள் கூறுகின்றார். பிறிதொன்றை விரும்பிப் பற்றுதல் என்னும் அப்பழம்பொருள், நற்செய்தி நெறியார் கருதும் பொருளுக்கு விசுவாசத்தினும் அணித்து.

ஏகாரம் ஒன்றும் ஈண்டு ஆராயத்தக்கது. மார்ட்டின் லுத்தர் 1522-இல் வெளியிட்ட செருமானிய மொழிபெயர்ப்பில், உரோமையர் மூன்றாம் அதிகாரத்தில், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லைச் சேர்த்தார். அது குறித்துக் கண்டனம் எழுந்தபோது, செருமானிய மொழியின் இயல்பு அச்சொல்லை வேண்டிற்று என 1530-இல் ஒரு திறந்த மடலில் விடையிறுத்தார். நம் ஐக்கிய மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் 'மட்டும்' இல்லை. 'விசுவாசத்தினாலேயே' என ஏகாரம் இரட்டித்து நிற்கின்றது. தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் உள்ளன. லுத்தர் ஒரு தனிச்சொல்லால் செய்ததைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் செய்தது. யாக்கோபின் நிருபத்தில் 'மட்டும்' என்பது மூலத்திலேயே உண்டு. அவ்விடத்தில் அதே மொழிபெயர்ப்பு 'மாத்திரம்' என்னும் தனிச்சொல்லைப் பெய்துள்ளது. மூலத்தில் உள்ளதற்குச் சொல், இல்லாததற்கு இடைச்சொல் என்னும் இந்நுட்பம் மொழிபெயர்ப்பாளரின் தமிழறிவைக் குறைத்து மதிப்பிடுவார் எண்ணிப்பார்த்தற்கு உரியது.

7. மீட்பும் ஒப்புரவும்

சிலுவைப்பலியைக் குறிக்கும் சொற்கள் மூன்று துறைகளிலிருந்து வந்தன. முதலாவது கோயில் வழிபாட்டுத் துறை. 'கிருபாதாரபலி' என்பது அதன்பாற்படும். பலி என்பது மனிதன் இறைவனுக்குத் தருவது என்னும் வழக்கை மாற்றி, இறைவனே தந்த பலி என்னும் பொருளை இக்கூட்டுச்சொல் தாங்குகின்றது.

இரண்டாவது கொடுக்கல் வாங்கல் துறை. 'மீட்பு' என்னும் சொல்லை விளக்கக் கொங்குநாட்டு உழவர்க்கு உரைகாரர் வேண்டுவதில்லை. ஒத்தி வைத்த நிலத்தை மீட்டலும் ஈடு வைத்த நகையைத் திருப்புதலும் அவர்தம் வாழ்வில் நாளும் நிகழ்வன. ஈடு வைத்த பொருள் தானே மீளாது. உரியவன் விலைகொடுத்து மீட்டல் வேண்டும். மீள் என்பது தன்வினை. மீட்டு என்பது அதன் பிறவினை. உயிர் தானே மீள்வதன்று, மீட்கப்படுவது என்னும் கொள்கை இப்பிறவினையில் அடங்கியுள்ளது. 'படு' இன்றியும் தமிழ் இக்கொள்கையைச் சொல்லவல்லது என்பதற்கு இச்சொல் சான்றாகும்.

மூன்றாவது உறவுத் துறை. 'ஒப்புரவாக்குதல்' என்பது பகை நீக்கி உறவாக்குதல் என்னும் பொருளில் வருகின்றது. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரமே உண்டு. ஆண்டு அஃது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவி வாழ்தல் என்னும் பொருளது. குறள் பயின்ற மாணாக்கர் கிறித்தவ நூல்களில் இச்சொல்லைக் காணும்போது வள்ளுவர் பொருளைக் கொண்டு மயங்குதல் இயல்பு. இச்சொல்லிலும் ஒப்புரவாகுதல், ஒப்புரவாக்குதல் எனத் தன்வினை பிறவினைப் பகுப்பு உண்டு. ஒப்புரவாக்குவோன் இறைவன், ஒப்புரவாகுமாறு அழைக்கப்படுவோன் மனிதன்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இக்கொள்கையை எத்துணை உயிர்ப்பாகக் கொண்டார் என்பதை அவர்தம் காப்பிய அமைப்பே காட்டும். 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவியது. பனியனின் நூலில் பயணியின் முதுகிலுள்ள சுமை சிலுவையைக் கண்ட அளவில் கழன்று வீழ்கின்றது; சிலுவைப்பாட்டின் வரலாறு ஆண்டு விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ 'இரட்சணிய சரிதப் படலம்' என ஒரு தனிப்படலம் அமைத்து அவ்வரலாற்றைப் பாடினார். வைணவ மரபிற் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், இராம காதை கேட்டு வளர்ந்த தமிழர்க்குக் கொள்கையைக் கூறினால் போதாது, கதையையும் கூறல்வேண்டும் என உணர்ந்திருத்தல் வேண்டும்.

8. மறுபடியும் பிறத்தல்

தமிழில் மிகப்பெரிய இடர் விளைத்த கொள்கை இதுவே. 'மறுபிறப்பு' என்றால் இறந்தபின் மீளப் பிறத்தல் என்றே நாம் பொருள்கொள்வோம். நம் சமயங்கள் அனைத்தும் அதனை ஒழித்தலையே வீடு என்றன. ஆகவே 'மறுபிறப்பு வேண்டும்' என்று கூறுவது தமிழன் செவிக்கு முரணாக ஒலிக்கும். இதுவன்றி 'இருபிறப்பாளர்' என்னும் வழக்கும் பழைய இலக்கியத்தில் உண்டு. அஃது உபநயனச் சடங்கால் எய்தும் இரண்டாம் பிறப்பு. நற்செய்தி நெறியார் கூறும் பிறப்போ இறப்பின் பின்னர் வருவதும் அன்று, குலத்தாலும் சடங்காலும் வருவதும் அன்று. இம்மையிலேயே ஆவியால் உள்ளத்தில் நிகழ்வது.

மொழிபெயர்ப்பாளர் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து, 'மறுபடியும் பிறத்தல்' என வினைத்தொடராக ஆண்டு இம்மயக்கத்தைப் பெரும்பாலும் விலக்கினர். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் 'மறுஜென்ம முழுக்கு' என வருமிடத்தில், அடுத்து நிற்கும் 'முழுக்கு' என்னும் சொல் மறுபிறவிப் பொருளை மறுத்துவிடுகின்றது. ஆயினும் அத்தொடர் வேறொரு வழக்கினை எழுப்பிற்று. முழுக்கினாலேயே புதுப்பிறப்பு நிகழுமா, முழுக்கு அதன் அடையாளமா என்னும் வினாவில் நற்செய்தி நெறியாரே ஒருமித்தவர் அல்லர். தென்னிந்தியத் திருச்சபை குழந்தைகட்கும் முழுக்குக் கொடுக்கின்றது. பாப்திஸ்தரும் பெந்தெகொஸ்தேயரும் தாமே விசுவாசித்தவர்க்கு மட்டுமே கொடுப்பர்.

'குணப்படுதல்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஐக்கிய மொழிபெயர்ப்பில் அது மனந்திரும்பி நல்வழிப்படுதலைக் குறிக்கும். இக்கால வழக்கில் அது நோய் நீங்குதலையே குறிக்கின்றது. நூற்றைம்பது ஆண்டுகளில் ஒரு கொள்கைச்சொல் மருத்துவச்சொல்லாக மாறிய இவ்வரலாறு, பழைய மொழிபெயர்ப்பைப் படிப்போர்க்கு அகராதி ஒன்று வேண்டும் என்பதை உணர்த்துகின்றது.

9. பேராயர் அப்பாசாமியின் வழி

இத்துணையும் கூறியவற்றால், பவுலின் நிருபங்களைப் பற்றி நின்ற கொள்கைச்சொற்கள் பெரும்பாலும் செயப்பாட்டுவினையிலும் பிறவினையிலும் அமைந்தன என்பது பெறப்பட்டது. அப்பாசாமி வேறொரு வழியை மேற்கொண்டார். யோவான் நற்செய்தியின் அநுபூதியையும் இந்து பத்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆக்சுபோர்டில் ஆய்வுப்பட்டம் பெற்ற அவர், கிறித்தவத்தைப் பத்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927-இலும், மோட்சம் என்பது யாது என வினவும் நூலை 1931-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் எழுத்தும் பற்றி அவர் எழுதிய நூல் 1966-இல் வெளிவந்தது.

அவர் நடுவாகக் கொண்ட சொல், யோவான் பதினைந்தாம் அதிகாரத்தின் 'நிலைத்திருத்தல்' ஆகும். கொடியில் கிளை நிலைத்திருத்தல் போல இறைவனில் உயிர் நிலைத்திருத்தலே வீடு. இந்நிலை அத்துவித ஒருமையன்று. அன்பினால் ஆகும் ஐக்கியம். ஆகலின் சங்கரரினும் இராமாநுசரே அவர்க்கு அணுக்கரானார். சுருதி, யுக்தி, அநுபவம் என்பவற்றோடு சபை என்பதனையும் பிரமாணமாகக் கொண்டு, நம் தருக்க மரபின் சட்டகத்திலேயே கிறித்தவ அறிவின் அளவைகளை அவர் வகுத்தார்.

இதனால் விளைந்த ஊதியம் பெரிது. வழக்காடுமன்றச் சொற்கள் நீங்கி, ஆழ்வாரும் நாயன்மாரும் பழக்கிய அன்புச்சொற்கள் இடம்பெற்றன. இழப்பும் உண்டு. 'நிலைத்திரு' என்பது தன்வினை. அதன் எழுவாய் மனிதன். நீதிமானாக்கப்படுதல் என்பதில் அழுத்தம்பெற்ற இறைவன் செயல் இச்சொல்லில் பின்னிற்கின்றது. பாவத்தின் தீர்ப்பும் பலியின் விலையும் அவர் எழுத்தில் ஐக்கியத்தின் நிழலில் ஒதுங்கின என நற்செய்தி நெறியார் குறை கூறியதன் காரணம் இதுவே. யோவானின் சொல்லையே அவர் ஆண்டமையால் மறைநூலை விட்டு விலகினார் எனல் இயலாது. மறைநூலின் எந்த வினைச்சொல்லை நடுவில் வைத்தல் வேண்டும் என்பதே வழக்கு.

இவ்வழக்கு நமக்குப் புதியதன்று. அடைக்கலம் புகுந்த உயிர்க்கும் சிறிதேனும் முயற்சி வேண்டுமா என்பதில் வைணவம் இருகலையாகப் பிரிந்தது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார்க்கும், தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையார்க்கும் உவமை கூறுவர். சைவத்திலும் மலபரிபாகம் எய்திய உயிர்க்கே சத்திநிபாதம் நிகழும் எனச் சாத்திரம் கூறப் பெரியபுராணமோ, வேண்டாது மறுத்தவனையும் இறைவன் வலிந்து தடுத்து ஆட்கொண்ட வரலாற்றோடு தொடங்குகின்றது. 'ஆட்கொள்ளுதல்' என்னும் அவ்வினை, 'படு' என்னும் துணையின்றியே இறைவனை வினைமுதலாக்கும் தமிழ்ச்சொல். நற்செய்தி நெறியின் கொள்கையைத் தமிழில் கூற விழைவார் இச்சொல்லின் ஆற்றலை இன்னும் முற்றப் பயன்கொள்ளவில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

10. முடிபு

இவ்வாராய்ச்சியின் பயன் இலக்கணத்தோடு முடிவதன்று. ஒருவர் கிறித்தவரானதை ஊரார் 'மதம் மாறினான்' என்பர். எதிர்ப்போர் 'மாற்றினர்' என்பர். அவரோ 'நான் இரட்சிக்கப்பட்டேன்' எனச் சாட்சி கூறுவார். நிகழ்ச்சி ஒன்று, வினை மூன்று. முதலாவதில் வினைமுதல் அம்மனிதன், இரண்டாவதில் பிற மனிதர், மூன்றாவதில் இறைவன். கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதற்கெனத் தமிழ்நாட்டில் 2002-இல் கொணரப்பட்டு 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட சட்டத்தைப் பற்றிய வாதங்களிலும் இம்மூன்று வினைகளே ஒன்றோடொன்று மோதின. ஒருவர் கூற்றை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அவர் எந்த வினையால் தம்மைக் கூறிக்கொள்கின்றார் என்பதைக் கேளாது அவரை அறிந்ததாகக் கொள்ளுதல் அறிவுடைமையாகாது.

விவிலியத் தமிழில் செயப்பாட்டுவினை அளவிறந்து நின்ற இடங்களும் உள. அவற்றைக் குறை எனவே கொள்வோம். ஆயினும் கொள்கை கருதி நின்ற இடங்களைக் குறைபட நின்ற இடங்களினின்றும் பிரித்தறிதல் வேண்டும். பப்ரிசியசு, இரேனியசு, பவர் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளையும் ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் 1850-இல் வெளியிட்டதையும் ஒருங்கு வைத்து, ஒவ்வொரு கொள்கைச்சொல்லின் வினைவடிவும் உருபும் எவ்வாறு மாறிவந்தன எனத் தொகுத்து ஆராய்தல் முதுகலை மாணாக்கர்க்கு ஏற்ற பெரும்பணி. கோவை, சேலம், ஈரோடு மாவட்டச் சபைகளில் இன்றும் வழங்கும் சாட்சியுரைகளும் வேண்டுதல்களும் அவ்வாராய்ச்சிக்கு உயிருள்ள சான்றுகளாகும். தமிழ் இலக்கணமும் சமய வரலாறும் ஒன்றையொன்று விளக்கும் இத்துறையில் புகுவார்க்குச் சொல்லதிகாரமே சிறந்த கைவிளக்காக அமையும் என்க.